ரிசீவரை எடுப்பதற்கு முன்பே திரையில் பெயர்: ஆபீஸ் போனும் கணினியும் பேசிக்கொள்ளும் விதம்

வாளையாரிலிருந்து கேரள எல்லையை ஒட்டித் தெற்கே வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று போனால் ரோட்டோரம் லாரி புக்கிங் ஆபீஸ்கள் கண்ணில் படும். ஒரு மேசை, நீளமான நோட்டு, ஓயாமல் அடிக்கும் போன். தேங்காய் லோடு எர்ணாகுளத்துக்கு வண்டி வேண்டும் என்று ஒருவர். திருச்சூரில் சரக்கு இறக்கிவிட்டேன், திரும்பி வர ஏதாவது லோடு உண்டா என்று ஒரு டிரைவர். போன வார வாடகை பாக்கி என்னாச்சு என்று இன்னொருவர். அழைப்பவர் பேசப்போவது தமிழா மலையாளமா என்பதுகூட ஹலோ சொன்ன பிறகுதான் தெரியும்.

இப்படி ஒரு ஆபீஸ் கொஞ்சம் வளர்ந்து, நாலைந்து பேர் உட்கார்ந்து போன் எடுக்கும் நிலைமை வந்ததும் நோட்டு போதாமல் போகிறது. அப்போது யாராவது வந்து, போனையும் கணினியையும் இணைத்துத் தருகிறேன் என்பார். இணைத்த பிறகு, மணி அடித்த உடனே திரையில் ஒரு கட்டம் எழும்பும். அழைப்பவர் பெயர், ஊர், கடைசியாக எந்த லோடு ஏற்றினார், பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஆபீஸ்காரர் ரிசீவரை எடுத்து "சொல்லுங்ணா, பொள்ளாச்சி லோடு இறங்கிருச்சுங்களா" என்று தொடங்கிவிடலாம்.

இதைப் பார்க்கும் பலர், கணினி போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான இணைப்புகளில் அது ஒரு சொல்லைக்கூடக் கேட்பதில்லை. செக்போஸ்டில் சரக்கு லாரியிலேயே நிற்கும், காகிதம் மட்டும் கவுண்டருக்குப் போகும் இல்லையா, அதே கதைதான். பேச்சு ஒரு பாதையில் போகிறது. யார் அழைக்கிறார், எந்த எண்ணுக்கு, மணி அடிக்கிறதா, எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்ற சேதிகள் வேறு பாதையில் போகின்றன. கணினிக்கு வேண்டியது இரண்டாவது மட்டும். ஆபீஸ் போனையும் கணினியையும் இணைக்கும் கலை முழுவதும் அந்தச் சேதியை எங்கிருந்து, எப்படிப் பிடிப்பது என்பதில்தான் இருக்கிறது.

செம்புக் கம்பியில் என்ன சேதி வருகிறது

பழைய லேண்ட்லைனில் தொடங்குவோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிகளில், போன் சும்மா கிடக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் நிற்கும். அது எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து வருவது. அதனால்தான் ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் பழைய போன் வேலை செய்யும். ரிசீவரை எடுத்தால் உள்ளே ஒரு சுற்று மூடிக்கொண்டு கம்பியில் சில பத்து மில்லிஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. எடுத்தாயிற்று என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவது அதை வைத்துத்தான். மணி அடிக்கவைப்பதற்கு, அதே கம்பியில் 75 வோல்ட் அளவில் மாறுமின் அழுத்தத்தை விட்டு விட்டு அனுப்புவார்கள். நம் ஊர் மணி இரட்டை மணி: 0.4 விநாடி அடித்து, 0.2 விநாடி நின்று, மறுபடி 0.4 விநாடி அடித்து, அப்புறம் இரண்டு விநாடி அமைதி.

அந்த இரண்டு விநாடி அமைதியில்தான் அழைப்பவரின் எண் வந்து சேர முடியும். எஃப்எஸ்கே என்ற முறையில், எண்ணின் ஒவ்வொரு இலக்கமும் பூஜ்யமும் ஒன்றுமாக மாற்றப்பட்டு, இரண்டு வெவ்வேறு சுருதிகளாக விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் பாடப்படும். அமெரிக்கத் தரத்தில் ஒன்றுக்கு 1200 ஹெர்ட்ஸ், பூஜ்யத்துக்கு 2200 ஹெர்ட்ஸ். பழைய டயல்-அப் மோடத்தின் கீச்சுக்குரல் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது அதன் சின்னத் தங்கை. எண், தேதி, நேரம் எல்லாம் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். முதல் மணியிலேயே படபடவென்று ரிசீவரைத் தூக்கிவிட்டால் எண் வருவதற்கு இடமே இல்லாமல் போகும். "சில சமயம் பேர் வருது, சில சமயம் வரலை" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது வேகமான கை.

இந்தியாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. சில எக்ஸ்சேஞ்சுகள் எண்ணை எஃப்எஸ்கேயாக அனுப்பாமல், நாம் பட்டன் அழுத்தும்போது கேட்கும் அதே டிடிஎம்எஃப் ஒலிகளாக அனுப்பும். போன் லைனைக் கணினியோடு சேர்க்கும் வெளிநாட்டு அட்டையை வாங்கி மாட்டிவிட்டு எண்ணே வரவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கம்பியில் எண் வந்துகொண்டுதான் இருக்கும், அட்டை வேறு பாஷையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

டிடிஎம்எஃப் என்பது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகி 1963-இல் பொதுமக்களுக்கு வந்த முறை. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுருதிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். இந்த எண்களைப் பார்த்தால் ஏதோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை போலத் தோன்றும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு சுருதி இன்னொன்றின் இரு மடங்காகவோ மும்மடங்காகவோ, இரண்டின் கூட்டலாகவோ கழித்தலாகவோ வந்துவிடக் கூடாது. மனிதக் குரலும் இசையும் மடங்குச் சுருதிகளால் ஆனவை. மடங்கில்லாத இரண்டு சுருதிகள் சம பலத்தில், வேறெதுவும் கலக்காமல், சில பத்து மில்லி விநாடிகள் நீடிப்பது பேச்சில் எதேச்சையாக நடப்பது அபூர்வம். அதனால்தான் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் இயந்திரம், பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் குழம்பாமல் இருக்கிறது. கணினியில் இதைக் கண்டுபிடிக்கக் கெர்ட்செல் என்பவர் 1958-இல் வெளியிட்ட ஒரு சிக்கனமான கணக்கு முறை பயன்படுகிறது. ஒலியில் உள்ள எல்லாச் சுருதிகளையும் பிரித்துப் பார்க்காமல், வேண்டிய எட்டை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடும்.

நடுவில் உட்காரும் பெட்டி

ஒரு லைன், ஒரு போன் என்றால் விஷயம் இத்தோடு முடிந்தது. நாலு லைன், பதினாறு எக்ஸ்டென்ஷன் என்றால் நடுவில் இபிஏபிஎக்ஸ் வந்துவிடும். ஆபீஸுக்குள் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச். வெளி லைனை எந்த எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுப்பது, ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, யாருக்கு எஸ்டிடி உண்டு யாருக்கு இல்லை என்பதெல்லாம் அதன் வேலை.

எக்ஸ்சேஞ்ச் என்பதே ஒரு கணினி ஆகிவிட்டது என்பது பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்காது. வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் ஐடிஐ எனும் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் ஆலை இருக்கிறது. 1948-இல் பெங்களூரில் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், பிறகு பாலக்காட்டிலும் ஆலை வைத்து மின்னணு எக்ஸ்சேஞ்ச் கருவிகளைச் செய்தது. 1984-இல் தொடங்கிய சி-டாட் எனும் அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், 128 லைன் கொண்ட கிராமப்புற எக்ஸ்சேஞ்சை நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ப, ஏசி இல்லாமல் ஓடும்படி வடிவமைத்தது. அதில் முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. இரும்புச் சுவிட்சுகள் கடகடவென்று நகர்ந்த காலம் அதோடு மெல்ல முடிந்தது. எக்ஸ்சேஞ்சுக்குள் மென்பொருள் வந்தது. மென்பொருள் வந்த இடத்தில் சேதியைக் கேட்டு வாங்க முடியும்.

இபிஏபிஎக்ஸும் கணினியும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது ரொம்பச் சாதாரணமான ஒரு காரணத்துக்காக: பில். பெட்டியின் பின்பக்கம் ஆர்எஸ்-232 எனும் சீரியல் போர்ட் ஒன்று இருக்கும். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் அதில் ஒரு வரி வெளியே வரும்: தேதி, நேரம், எந்த எக்ஸ்டென்ஷன், எந்த லைன், டயல் செய்த எண், எத்தனை நிமிடம். எஸ்எம்டிஆர் என்று இதற்குப் பெயர். முதலில் இதைப் பிரிண்டரில் மாட்டினார்கள். அப்புறம் பிரிண்டருக்குப் பதிலாகக் கணினியை மாட்டினார்கள். லாட்ஜில் அறையைக் காலி செய்யும்போது போன் பில் தனியாக நீட்டுவார்களே, அது இப்படி வந்ததுதான். சேதி ஒருவழிப் பாதை, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு வரும் சேதி. மணி அடிக்கும்போது பெயர் காட்ட இது உதவாது.

அடுத்த கட்டம் 1990-களில் வந்தது. பெட்டி நடப்பதை நடக்கும்போதே சொல்ல வேண்டும், கணினி சொல்வதையும் பெட்டி கேட்க வேண்டும். இதற்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியத் தர அமைப்பான எக்மா, சிஎஸ்டிஏ என்ற பொது இலக்கணத்தை 1992-இல் வெளியிட்டது. அதை அடியொற்றி ஏடி அண்ட் டியும் நாவெல் நிறுவனமும் ஒரு முறையைக் கொண்டுவந்தன. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 1993-இல் டாப்பி என்ற வேறொன்றைக் கொண்டுவந்தன. பெயர்களை மறந்துவிடலாம். இவற்றுக்குள் இருந்த ஒரு கருத்து வேறுபாடுதான் முக்கியம், அது இன்றைக்கும் பொருந்துகிறது.

டாப்பியின் தொடக்க கால வழியில், ஒவ்வொரு மேசையிலும் உள்ள கணினி அதே மேசையில் உள்ள போனோடு கம்பியால் சேர்ந்திருக்கும். அந்த ஒரு போனில் நடப்பதுதான் அதற்குத் தெரியும். முதல் தரப்புக் கட்டுப்பாடு என்பார்கள். மற்ற வழியில் மேசைக் கணினிக்கும் போனுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எங்கோ ஒரு சர்வர் இபிஏபிஎக்ஸோடு பேசும், எல்லா எக்ஸ்டென்ஷனின் சேதியும் அதற்கு வரும், அது உரிய மேசைக்குச் சொல்லி அனுப்பும். இது மூன்றாம் தரப்புக் கட்டுப்பாடு. ஒருவர் மட்டும் உட்காரும் ஆபீஸுக்கு முதலாவது போதும், செலவும் குறைவு. நாலு பேர் இருந்து, "அண்ணன் வேற லைன்ல இருக்காருங்க, கணக்கு பார்க்கிறவருக்கு மாத்தறேன்" என்று அழைப்பு கைமாறும் இடத்தில் முதலாவது தோற்றுவிடும். கைமாறியது அந்த மேசைக்குத் தெரியாது. என் கணிப்பில், சிறு ஆபீஸ்களில் இந்த ஏற்பாட்டை வாங்கிவிட்டு ஏமாற்றம் அடைபவர்களில் பாதிப் பேர், இந்த வித்தியாசத்தைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டவர்கள்.

மூன்றாம் தரப்பு வழியில் ஓர் அழைப்பு என்பது சேதிகளின் வரிசை. வெளி லைனில் புது அழைப்பு, இந்த எண்ணிலிருந்து. எக்ஸ்டென்ஷன் 21-இல் மணி அடிக்கிறது. 21 எடுத்தாயிற்று. 21 ஹோல்டில் போட்டது. 21, 24-ஐ அழைத்தது. 24-க்கு மாற்றப்பட்டது. 24 வைத்தாயிற்று. ஒவ்வொரு அழைப்புக்கும் பெட்டி ஓர் அடையாள எண் கொடுத்திருக்கும், எத்தனை கை மாறினாலும் அதை வைத்துத் தொடரலாம். இரண்டாவது சேதி வந்ததும் 21-ஆம் மேசைத் திரையில் வாடிக்கையாளரின் பக்கம் திறக்கிறது. மாற்றப்பட்டது என்ற சேதி வந்ததும் அதே பக்கம் 24-இன் திரைக்குத் தாவுகிறது. அழைத்தவர் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டாம். எதிர்த்திசையிலும் அப்படியே. திரையில் எண்ணைச் சொடுக்கினால், கணினி "21-இலிருந்து இந்த எண்ணை அழை" என்று பெட்டிக்குச் சொல்லும். பெட்டி முதலில் 21-ஐ அடித்து, அவர் எடுத்ததும் வெளி எண்ணை டயல் செய்யும்.

எண்ணுக்கும் ஆளுக்கும் நடுவே

சேதியில் வருவது வெறும் எண். அதைப் பெயராக மாற்றுவது கணினியில் உள்ள பட்டியல். கேட்க எளிதாக இருக்கிறது, எல்லைப் பகுதியில் அது அவ்வளவு எளிதாக இல்லை.

முதலில் எண்ணின் வடிவம். ஒரே மொபைல் எண் ஓர் இடத்திலிருந்து வெறும் பத்து இலக்கமாக வரும், இன்னோர் இடத்திலிருந்து முன்னால் பூஜ்யம் சேர்த்து வரும், மற்றோர் இடத்திலிருந்து 91 சேர்ந்து வரும். கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு எண்கள். லேண்ட்லைன் இன்னும் வம்பு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எஸ்டிடி கோடு 04923. கூப்பிடு தூரத்தில் உள்ள பொள்ளாச்சிக்கு 04259. பாலக்காட்டுக்கு 0491, கோவைக்கு 0422. ஒரே கோடுக்குள்ளிருந்து அழைத்தால் கோடு இல்லாமல் எண் மட்டும் வரலாம், எல்லை தாண்டி அழைத்தால் கோடோடு வரும். நோட்டிலிருந்து எண்களைக் கணினியில் ஏற்றியவர் எதை எப்படி அடித்தாரோ அது வேறு.

நல்லவேளை, ஒரு ஒழுங்கு இருக்கிறது. முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிட்டால், இந்தியாவில் மொபைலும் சரி, எஸ்டிடி கோடோடு சேர்த்த லேண்ட்லைனும் சரி, பத்து இலக்கம்தான். கோடு நாலு இலக்கம் என்றால் எண் ஆறு, கோடு மூன்று என்றால் எண் ஏழு. ஆகவே உள்ளே வரும் எதையும் முதலில் பத்து இலக்கமாகச் சீர்செய்துவிட்டு அப்புறம் பட்டியலில் தேட வேண்டும். குறைவாக வந்தால் சொந்தக் கோடைச் சேர்க்க வேண்டும், அதிகமாக வந்தால் கடைசிப் பத்தை எடுக்க வேண்டும். வெளியே அழைக்கும்போது இதற்குத் தலைகீழ். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் பூஜ்யம் கட்டாயம். அன்றைக்கு இந்த விதியைத் திருத்தாத மென்பொருள்களில், சொடுக்கினால் டயல் ஆகும் வசதி மொபைல்களுக்கு வேலை செய்யாமல் போயிருக்கும்.

அடுத்த சிக்கல் ஆள். எல்லைப் பகுதியில் ஒரே ஆளிடம் கேரள சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று இருப்பது சாதாரணம். ரோமிங் கட்டணம் தனியாகப் பிடித்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. மறுபக்கம், ஒரே எண்ணிலிருந்து மூன்று பேர் பேசுவார்கள்: களத்தில் இருக்கும் அப்பா, மகன், கணக்குப் பார்க்கும் மருமகன். எண்ணை வைத்து ஆளை ஒன்றுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்ட பட்டியல் இங்கே பொய் சொல்ல ஆரம்பிக்கும். நன்றாக எழுதிய மென்பொருளில் எண்களுக்குத் தனி அட்டவணை, ஆட்களுக்குத் தனி அட்டவணை, இரண்டையும் கோக்கும் மூன்றாவது அட்டவணை என்று இருக்கும். மணி அடித்ததும் ஒரு பெயரை உறுதியாகக் காட்டாமல், இந்த எண்ணிலிருந்து பேசக்கூடியவர்கள் இவர்கள் என்று இரண்டு மூன்று பேரைக் காட்டும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். ஆனால் அப்பாவிடம் மகனின் பாக்கியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பெரிய நிறுவனங்களின் கால் சென்டர்கள் செய்யும் ஒரு வேலையை இங்கே சொல்லாமல் விட முடியாது. மொபைல் எண்ணின் முதல் சில இலக்கங்கள் எந்த வட்டத்துக்கு, அதாவது போன் சேவைக்காகப் பிரித்துவைத்த எந்தப் பகுதிக்கு, ஒதுக்கப்பட்டவை என்று பார்த்து, அதற்கேற்ற மொழியில் இயந்திரக் குரலைத் தொடங்குவார்கள். கேரள வட்டத்து எண் என்றால் மலையாளம். கொழிஞ்சாம்பாறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வீட்டுக்காரர் கேரள சிம்மில் அழைத்தால் அவருக்கு மலையாளக் குரல்தான் கிடைக்கும். 2015 ஜூலை முதல் எண்ணை மாற்றாமலே நாட்டின் எந்த வட்டத்துக்கும் போகலாம் என்றான பிறகு, முதல் இலக்கங்களை வைத்து ஊரைச் சொல்வதும் சந்தேகம்தான். சரியான வழி ஒன்றும் கஷ்டமில்லை. முதல் தடவை கேட்டுவிட்டு, அவர் அழுத்திய பட்டனை அந்த எண்ணின் பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை கேட்கவே வேண்டாம். வட்டத்தைப் பார்த்து மொழியைத் தீர்மானிப்பதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

பெட்டியே மென்பொருளானபோது

இதுவரை பெட்டி வேறு, கணினி வேறு என்றே பேசினோம். இப்போது பல இடங்களில் பெட்டியே இல்லை.

குரலை எண்களாக்குவது பழைய சங்கதி. போன் பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வைத்து, விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடின. பெரிய ஆபீஸ்கள் வாங்கும் பிஆர்ஐ லைனில் இப்படி 30 குரல் பாதைகளும், சேதிக்கென்றே தனியாக ஒரு பாதையும் ஒரே கம்பியில் வரும். அழைப்பவரின் எண் அந்தத் தனிப் பாதையில், மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடும். இரண்டு மணிக்கு நடுவில் கீச்சிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்டர்நெட் வழியில் அதே 64,000 பிட்டை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டில் 160 பைட் குரல். அதன் மேல் முகவரி ஒட்டும் தலைப்புகள் 40 பைட். விநாடிக்கு 50 துண்டு என்றால், ஒரு பேச்சுக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 800 கிலோபிட்தான். சாதாரண பைபர் இணைப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேகத்தைவிட, துண்டுகள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்பதுதான் குரல் உடையாமல் இருப்பதைத் தீர்மானிக்கும். பக்கத்து மேசையில் யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது குரல் கரகரப்பது இதனால்தான்.

சேதிக்கு இங்கே எஸ்ஐபி என்ற இலக்கணம். முதல் வடிவம் 1999-இல், இன்று புழங்கும் வடிவம் 2002-இல் வந்தது. படித்துப் பார்த்தால் புரியும்படி எழுத்தாலேயே ஆன சேதிகள். இன்வைட் என்று ஒரு சேதி போகும். மறுபக்கம் மணி அடித்தால் 180 என்ற பதில் வரும். எடுத்தால் 200. முடிந்தால் பை. அழைப்பவரின் எண் இன்வைட்டின் தலைப்பிலேயே இருக்கும்.

குரலும் சேதியும் வெவ்வேறு பாதை என்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம், சில சமயம் காதாலும். எஸ்ஐபி சேதி சர்வர் வழியாகப் போகும், குரல் துண்டுகள் நேராக இரண்டு போன்களுக்கு நடுவே போக முயலும். ஆபீஸ் ரவுட்டர் சேதியை விட்டுவிட்டுக் குரலை மறித்தால் மணி அடிக்கும், எடுக்க முடியும், திரையில் பெயரும் வரும், ஆனால் ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காது. "ஹலோ, ஹலோ, நான் பேசறது கேக்குதுங்களா" என்று கத்திக்கொண்டிருப்பவரின் போன் கெட்டுப்போகவில்லை. ரவுட்டரில் குரலுக்கான வாசல் திறக்கவில்லை.

1999-இல் அமெரிக்க இளைஞர் மார்க் ஸ்பென்சர் தன் சிறு நிறுவனத்துக்கு இபிஏபிஎக்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாமல், லினக்ஸ் கணினியில் தானே ஒன்றை எழுதினார். ஆஸ்டெரிஸ்க் என்ற பெயரில் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். எக்ஸ்டென்ஷன், ஹோல்ட், மாற்றிக் கொடுத்தல், இயந்திரக் குரல், பதிவு செய்தல் எல்லாம் அதில் உண்டு. பழைய செம்புக் கம்பி வேண்டுமென்றால் அதற்கு ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளலாம். நம் விஷயத்தில் முக்கியமானது, அது சேதிகளை ஒரு வாசலில் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பது. வழக்கமாக 5038 என்ற எண்ணுள்ள போர்ட். எந்த நிரலும் அங்கே போய் உட்கார்ந்து கேட்கலாம், கட்டளையும் கொடுக்கலாம். 90-களில் லட்சங்களில் விலை சொன்ன வேலையை இப்போது ஒரு பழைய கணினியில், நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் செய்துவிடுகிறார்.

இந்தியாவில் சட்டத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பை உரிமம் இல்லாமல் உள்ளூர் போன் லைனில் இறக்கிவிட்டு, நெடுந்தூரக் கட்டணத்தைத் தவிர்ப்பது குற்றம். அடிக்கடி செய்தியில் அடிபடும் சிம் பாக்ஸ் வழக்குகள் இந்த வகைதான். கால் சென்டர்கள் மீதிருந்த பதிவு, பிணைத்தொகை போன்ற கெடுபிடிகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் வெகுவாகத் தளர்த்தப்பட்டன. தன் ஆபீஸுக்குள் எக்ஸ்டென்ஷன்களை எஸ்ஐபியில் ஓட்டி, வெளி லைனை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளும் சிறு ஆபீஸுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

எடுத்தாரா, இல்லையா

செம்புக் கம்பியை இன்னும் வைத்திருக்கும் ஆபீஸ்களில் ஒரு விநோதம் உண்டு. நாம் வெளியே அழைக்கும்போது மறுபக்கம் எடுத்தாரா என்பதைச் சொல்லும் சேதி சாதாரண லேண்ட்லைனில் கிடையாது. மணியோசை நின்று குரல் கேட்பது மனிதக் காதுக்குப் புரியும், அட்டைக்குப் புரியாது. அதனால் டயல் செய்து முடித்த கணமே எடுத்தாயிற்று என்று குறித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அறிக்கையைப் பார்த்தால் எல்லா அழைப்பும் எடுக்கப்பட்டிருக்கும், எல்லாமே ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் பேசப்பட்டிருக்கும். முதலாளிக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

இதற்கு வழியைத் தேட வேண்டுமென்றால் எஸ்டிடி பூத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே சிவப்பு எழுத்தில் ஓடிய மீட்டர், மறுமுனை எடுத்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதற்காகவே எக்ஸ்சேஞ்ச், மறுமுனை எடுத்ததும் கம்பியின் இரண்டு துருவங்களை மாற்றிப் போடும் வசதியை அந்த லைன்களுக்குக் கொடுத்தது. அந்த வசதி உள்ள லைனும் அதைக் கவனிக்கத் தெரிந்த அட்டையும் இருந்தால் கணக்கு சரியாக வரும். வைத்துவிட்டார் என்பதற்கும் இதே தொல்லை. மறுபக்கம் வைத்ததும் வரும் 400 ஹெர்ட்ஸ் எங்கேஜ் ஒலியை, முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி நிற்கும் அந்தத் தாளத்தை, அட்டைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளிநாட்டுத் தாளத்தோடு விட்டுவிட்டால் லைன் விடுபடாமல் தொங்கிக்கொண்டே நிற்கும். நாலு லைன் உள்ள ஆபீஸில் மத்தியானத்துக்குள் நாலும் பிஸி.

இன்னொன்று இடி. சித்திரை, வைகாசி மாலைகளிலும் துலாவர்ஷம் எனும் ஐப்பசி மழைக் காலத்திலும் பாலக்காட்டுப் பக்கம் இடி மின்னல் சாதாரணமாக இருக்காது. கிலோமீட்டர் கணக்கில் வெட்டவெளியில் ஓடிவரும் செம்புக் கம்பி, பக்கத்தில் மின்னல் விழுந்தாலே ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும். பழைய போன் தாங்கிக்கொண்டது. கணினி அட்டை தாங்காது, சில சமயம் கணினியையும் கூட்டிக்கொண்டு போகும். வாயு நிரப்பிய பாதுகாப்புக் குழாய் ஒன்றை லைனின் வாயிலில் வைத்து, அதற்கு ஒழுங்கான எர்த் கொடுப்பதற்கு ஆகும் செலவு அட்டை விலையில் சிறு பங்குதான். எர்த் கம்பியை ஜன்னல் கிரில்லில் சுற்றிவிட்டுப் போகிறவரை மறுபடி கூப்பிட்டுச் சரியாகச் செய்யச் சொல்லுங்கள்.

மொபைல் மட்டுமே வைத்திருக்கும் ஆபீஸ்களும் இப்போது நிறைய. அழைப்பவரின் பெயரை நெட்வொர்க்கே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது படிவத்தில் கொடுத்த பெயர் அதில் வரும். மோசடி அழைப்புகளைக் கண்டுகொள்ள அது உதவும். புக்கிங் ஆபீஸுக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம், ஏனென்றால் வண்டியோடு கொடுக்கும் சிம்மை ஓனர் தன் பெயரில்தான் வாங்கியிருப்பார். திரையில் பொள்ளாச்சிக்காரர் பெயர் வரும், பேசுவது குதிரான் சுரங்கத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கும் டிரைவர். போன லோடின்போது ஆபீஸ்காரர் அந்த எண்ணின் குறிப்பில் அவர் பெயரையும் வண்டி எண்ணையும் அடித்து வைத்திருந்தால், ஓனர் பெயருக்குக் கீழே அதுவும் வரும்.